'லைக்' எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

'லைக்' என்றால் என்ன என்று கேட்டால் வகுப்பில் எல்லோரும் 'பிடிக்கும்' என்பார்கள். சரிதான். ஆனால் 'ஷீ இஸ் லைக் ஹெர் மதர்' என்று பலகையில் எழுதினால், 'அவளுக்கு அம்மாவைப் பிடிக்கும்' என்றே பலரும் சொல்கிறார்கள். 'அவள் அம்மா மாதிரி' என்பதுதான் பொருள். பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் நான் இந்த ஒரு சொல்லுக்கென்றே ஒரு வகுப்பை ஒதுக்குவது இதனால்தான். பொருள்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். வாக்கியத்தில் அது எந்த இடத்தில் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.

வாக்கியத்தை இறந்த காலத்துக்கு மாற்றுங்கள். 'ஷீ லைக்ஸ் ஹெர் மதர்' என்பது 'ஷீ லைக்ட்' ஆகிறது. அப்படியானால் வினைச்சொல், 'பிடிக்கும்'. 'ஷீ இஸ் லைக் ஹெர் மதர்' என்பதில் 'இஸ்' மட்டும் 'வாஸ்' ஆகிறது, 'லைக்' அசைவதில்லை. அங்கே அது பிரிபொசிஷன், நம் 'மாதிரி', 'போல'.

கேள்வி வாக்கியத்தில் துணைக்கு வந்த சொல்லைப் பாருங்கள். 'வாட் டஸ் ஷீ லைக்?' என்றால் அவளுக்கு என்ன பிடிக்கும். 'வாட் இஸ் ஷீ லைக்?' என்றால் அவள் எப்படிப்பட்டவள், என்ன குணம். 'ஹவ் இஸ் ஷீ?' பெரும்பாலும் நலம் விசாரிப்பது, அதோடு குழப்ப வேண்டாம். 'வாட் டஸ் ஷீ லுக் லைக்?' கொஞ்சம் ஏமாற்றும்: 'டஸ்' இருந்தாலும் அது 'லுக்' என்ற வினைக்குத் துணை. பார்க்க எப்படி இருப்பாள் என்று கேட்கிறார்கள்.

வினையாக வரும்போது நாம் அதிகம் தடுக்குவது ஓர் இடத்தில். தமிழில் 'பிடிச்சிருக்கு' என்றாலே போதும். ஆங்கிலத்தில் 'யெஸ், ஐ லைக்' என்று நிறுத்த முடியாது. 'ஐ லைக் இட்' என்றோ 'யெஸ், ஐ டூ' என்றோ முடிக்க வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. பழைய ஆங்கிலத்தில் இந்த வினை நம் 'எனக்கு அது பிடிக்கும்' போலவே இருந்தது: பிடித்த பொருள்தான் எழுவாய், ஆள் நான்காம் வேற்றுமையில். பிறகுதான் அந்த 'எனக்கு' மாறி 'ஐ' ஆனது.

'வுட் லைக்' வந்தால் 'பிடிக்கும்' என்பதை மறந்துவிடுங்கள். அது பணிவான 'வேண்டும்'. 'ஐ ஃபீல் லைக் ஸ்லீப்பிங்' என்பதைத் தமிழே சொல்லிக்கொடுத்துவிடும்: தூங்கணும் போல இருக்கு. 'லைக்'குக்கு அடுத்து வரும் வினையில் 'இங்' இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் 'ஆஸ்'. 'ஹீ வொர்க்ஸ் ஆஸ் எ டாக்டர்' என்றால் அவர் டாக்டராக வேலை செய்கிறார். 'ஹீ டாக்ஸ் லைக் எ டாக்டர்' என்றால் டாக்டர் மாதிரி பேசுகிறார், டாக்டர் என்று அர்த்தமில்லை. தமிழில் 'ஆக' வந்தால் 'ஆஸ்', 'மாதிரி' வந்தால் 'லைக்'.

'லைக் ஐ செட்' என்று முழு வாக்கியத்தை இணைக்கவும் இது வரும். 1954இல் அமெரிக்காவில் வின்ஸ்டன் சிகரெட் விளம்பரம் 'லைக்'கை இப்படி இணைப்புச் சொல்லாக எழுதியதற்கே இலக்கணக்காரர்கள் கொதித்தார்கள். பேச்சில் தாராளமாகச் சொல்லுங்கள். விண்ணப்பத்திலும் தேர்விலும் 'ஆஸ் ஐ செட்' என்றே எழுதுங்கள்.

பெயர்ச்சொல்லாக 'லைக்ஸ்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2009இல் ஃபேஸ்புக் பொத்தான் வந்த பிறகு அது எல்லோருக்கும் தெரியும். 'லைக்லி'யில் மட்டும் கவனம். 'லி'யில் முடிவதால் வினையடை என்று தோன்றும். 'ஹீ இஸ் லைக்லி டு கம்' என்பதில் அது பெயரடை, 'வரக்கூடும்' என்ற பொருள். அதனால்தான் 'இஸ்' அங்கே கட்டாயம். 'ஹீ லைக்லி டு கம்' என்று எழுதினால் தவறு.