பிள்ளைச் சண்டையில் தீர்ப்புச் சொல்லாதிருப்பது எப்படி

இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் "அம்மா, இவன் பிடுங்கிட்டான்" என்ற குரல் எழுந்த மறுகணமே நாம் நாட்டாமையாகிவிடுகிறோம். "நீ பெரியவள்தானே, விட்டுக்கொடு" என்ற நம் தீர்ப்பு சத்தத்தை அடக்குமே தவிர, அடுத்த சண்டையை எப்படித் தீர்ப்பது என்பதை இருவருக்கும் கற்றுத்தருவதில்லை. மூத்தவளுக்கு வயது ஒரு தண்டனையாகப் படுகிறது. இளையவனோ அழுதால் கிடைக்கும் என்று தெரிந்துகொள்கிறான்.

இதற்கு மாற்றாக ஒரு முறையை, டேவிட் வைகார்ட் 1970இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கிய ஹைஸ்கோப் என்னும் கல்வி நிறுவனம் மழலையர் வகுப்புகளுக்காக வகுத்திருக்கிறது. பதற்றமின்றி அருகில் செல்லுதல், பிள்ளைகளின் உணர்வை ஏற்றுச் சொல்லுதல், நடந்ததைக் கேட்டறிதல், சிக்கலை எடுத்துரைத்தல், வழிகளை அவர்களிடமே கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்தல், பின்னர் துணைநிற்றல் என்று அது ஆறு படிகளாகச் செல்கிறது. வீட்டிலும் இது நன்றாகவே நடக்கும்.

ஐந்து வயது அக்காவும் நான்கு வயதுத் தம்பியும் ஒரே மூன்று சக்கர சைக்கிளை இருபுறமும் பிடித்து இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தொலைவிலிருந்து அதட்டாமல் அருகே சென்று, அவர்கள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, "வண்டி கொஞ்ச நேரம் என் கையில் இருக்கட்டும்" என்று அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பறித்து அலமாரியின் மேல் வைத்துவிட்டால் பேசுவதற்கு அவர்களுக்குக் காரணமே இருக்காது. "உனக்குக் கோபமாக இருக்கிறது, அவனுக்கும் அழுகை வருகிறது" என்று இருவரின் நிலையையும் சொல்லி, மூச்சு சீராகும்வரை காத்திருங்கள். பிறகு "என்ன நடந்தது?" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். "யார் முதலில் ஆரம்பித்தது?" என்று கேட்டால் பழிதான் பதிலாக வரும், "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டால் சாக்குப்போக்குதான் வரும்.

பெரும்பாலான பெற்றோர் தடுமாறுவது அடுத்த படியில்தான். கேட்டதையெல்லாம் குற்றவாளி இல்லாத ஒரே வாக்கியமாக்க வேண்டும்: "வண்டி ஒன்றுதான் இருக்கிறது, ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் இரண்டு பேர், இப்போது என்ன செய்யலாம்?" இதைச் சொன்னபின் வாயைத் திறக்காதிருப்பது மிகவும் கடினம், ஏனென்றால் நமக்கு விடை உடனே தெரிந்துவிடுகிறது. ஆனால் சா பூ த்ரீ போட்டு முறை பிரிப்பதும், இருபது எண்ணும்வரை ஒருவர் என்பதும், காய் விட்டவர்கள் பழம் விடுவதும் நாம் சொல்லித்தந்து வந்தவை அல்லவே. "நான் ஓட்டுகிறேன், நீ டிராஃபிக் போலீஸ், நீ கை காட்டினால் நான் இறங்கிவிடுவேன்" என்பது போன்ற ஒரு யோசனை நமக்கு நியாயமாகத் தோன்றாவிட்டாலும், இருவரும் மனமாரச் சம்மதித்தால் அதுவே போதும். பத்து நிமிடம் கழித்து ஒருமுறை எட்டிப்பார்த்து, ஒப்பந்தம் நிற்கிறதா என்று விசாரித்தால் சரி.

அடித்த பிள்ளையைக் கட்டாயப்படுத்தி, அடிபட்டவரிடம் "ஸாரி" சொல்ல வைப்பதை நான் விரும்புவதில்லை. "அவனுக்கு இப்போது என்ன செய்தால் நன்றாக இருக்கும்?" என்று கேட்டால், தண்ணீர் கொண்டுவரவோ வலித்த இடத்தைத் தடவிவிடவோ பிள்ளைகள் தாமாகவே முன்வருவார்கள்.

பசியும் தூக்கமும் உள்ள வேளையில் இந்தப் பேச்சு எடுபடாது. முதலில் சோறு போடுங்கள். மூன்று வயது நிரம்பாதவர்களுக்கு இவ்வளவு பேச்சு தேவையில்லை, வேறொரு பொருளைக் கையில் கொடுத்தால் போதும். சண்டை இல்லாத மாலை நேரத்தில் இரண்டு பொம்மைகளைச் சண்டையிட வைத்து, "வேறு என்ன செய்யலாம்? இன்னொரு வழி?" என்று கேட்டுப் பழக்கினால், உண்மைச் சண்டையில் ஒரே பிடியில் நிற்பது குறையும். தாத்தா பாட்டி உடன் இருக்கும் வீடாக இருந்தால் அவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பாட்டி சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இந்த உரையாடல் பழகப் பழக, நீங்கள் ஒவ்வொரு படியாக விலகலாம், சமையலறையில் நின்றபடியே "இரண்டு பேரும் பேசிப் பார்த்தீர்களா?" என்று கேட்பதே பல நேரம் போதுமானதாகிவிடும். அடி, கடி, கல் என்று வந்துவிட்டால் மட்டும் பேச்சுக்கு முன் கையைத் தடுத்தாக வேண்டும். இன்னொன்றையும் கவனித்துவாருங்கள்: ஒவ்வொரு முறையும் ஒரே பிள்ளைதான் இறங்கிப்போகிறது என்றால் அது சம்மதம் அல்ல, சலிப்பு. அடுத்த தடவை முதல் யோசனையை அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்.