உடைஞ்ச பீங்கானை வீசாதீங்க

அம்மாட பழைய மரப்பெட்டி மட்டக்களப்புக் கல்லடி உப்புக்காத்துக்கு நிறம் செத்துக் கிடந்திச்சு, உடைஞ்ச பூப்போட்ட பீங்கான் ரெண்டைச் சாக்குக்குள்ள சுத்தி சுத்தியலால மெல்லமாத் தட்டி (கண்ணாடி போடுங்க, சில்லு கண்ணுக்குப் பறக்கும்) விரல்நுனி அளவில துண்டாக்கி மூடியில ஒட்டினன். முதல்ல வார்னிஷைச் சாண்ட் பேப்பரால தேய்க்கணும், இல்லாட்டிக் கம் பிடிக்காது. துண்டுக்கிடையில 2-3 மி.மீ. விடுங்க. 24 மணித்தியாலம் காயவிட்டு மறுகா டைல் கிரவுட்டை (டைல் இடைவெளியை நிரப்பிற சாந்து) அழுத்திப் பூசி, இறுகக்குள்ளயே ஈர ஸ்பாஞ்சால துடைச்சிடணும், நான் விடிஞ்சாப்பிறகு பாப்பமெண்டு விட்டு, கத்தியால சுரண்டிச் சுரண்டி ஒரு பூவே போயிட்டு. ஓரத்துக்கு மட்டும் கோப்பை விளிம்புத் துண்டு வைங்க, வழுவழுப்பா இருக்கும், கையும் வெட்டாது. பார்சலோனாவில கட்டடக் கலைஞர் கௌடிட பார்க் குவெல் பூங்கா வாங்குகூட இப்படி உடைஞ்ச டைல் துண்டு ஒட்டினதுதான்.