ஏபி பாடங்களும் எஸ்ஏடியும்: அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கூட்டி, 200க்கு எத்தனை என்று பார்த்துப் பொறியியல் கல்லூரியில் இடம் வாங்கிய தலைமுறை நாம். அமெரிக்காவில் பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் அதே கட்-ஆஃப் கணக்கு மனதில் ஓட ஆரம்பித்துவிடுகிறது. “எத்தனை ஏபி எடுத்தால் பெர்க்லி கிடைக்கும்?” என்று தமிழ்ப் பெற்றோர் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதற்றமாகத்தான் இருக்கிறது. ஏபி (அட்வான்ஸ்டு ப்ளேஸ்மென்ட்) என்பது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம். இத்தனை எடுத்தால் இடம் நிச்சயம் என்று ஓர் எண்ணிக்கை கிடையாது. இல்லாத எண்ணைத் துரத்துவதில் பிள்ளைகளின் தூக்கம் போகிறது, சில நேரம் ஜிபிஏவும் (கிரேடுகளின் சராசரி) போகிறது.

இருப்பதிலேயே பெரிய குழப்பம், ஏபி பாடத்தையும் ஏபி தேர்வையும் ஒன்றாக நினைப்பது. பாடம் பள்ளி நடத்துவது. அதில் வாங்கும் ஏ, பி, சி கிரேடு ட்ரான்ஸ்கிரிப்ட் என்ற பள்ளி மதிப்பெண் பதிவில் ஏறும், ஜிபிஏவில் சேரும். தேர்வு, எஸ்ஏடியையும் நடத்தும் காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்துவது. மே மாதம் எழுதினால் ஜூலையில் 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் வரும். சேர்க்கை அதிகாரி முதலில் பார்ப்பது கடினமான பாடங்களை எடுத்தார்களா, அவற்றில் என்ன கிரேடு வாங்கினார்கள் என்பதைத்தான். தேர்வு மதிப்பெண் பெரும்பாலான கல்லூரிகளில் துணைச் சான்று மட்டுமே. விண்ணப்பத்தில் மாணவரே குறிப்பிடுவார், குறைந்த மதிப்பெண்ணைப் பல இடங்களில் குறிப்பிடாமலும் விடலாம்.

இது புரியாததால் இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. “வகுப்பில் பி வந்தால் என்ன, மே மாதம் 5 எடுத்துச் சரிக்கட்டிவிடலாம்” என்று ஆண்டு முழுக்க வீட்டுப்பாடத்தையும் வகுப்புத் தேர்வுகளையும் அலட்சியப்படுத்துவது ஒன்று. ட்ரான்ஸ்கிரிப்டில் ஏறிய பியை எந்த 5ம் அழிக்காது. இன்னொன்று, பன்னிரண்டாம் வகுப்பில் எழுதும் ஏபி தேர்வு இடம் வாங்கித் தரும் என்று நம்புவது. அந்த ஆண்டுத் தேர்வு மே மாதம் வருவதற்குள் பெரும்பாலான கல்லூரிகள் முடிவை அறிவித்துவிடும். எந்தக் கல்லூரி என்று மாணவர் உறுதி செய்யும் வழக்கமான கெடுவே மே 1தான். அதனால் சீனியர் ஆண்டுத் தேர்வின் மதிப்பெண் சேர்க்கைக்கு உதவாது, கல்லூரியில் கிரெடிட் வாங்க, அதாவது அந்தப் பாடத்தை ஏற்கெனவே முடித்ததாகக் கணக்கில் சேர்க்க, உதவலாம். ஆனால் அந்த ஆண்டில் என்ன பாடங்கள் எடுத்திருக்கிறார்கள், அரையாண்டு கிரேடு என்ன என்பவை கணக்கில் வரும்.

வகுப்பில் சேராமல் வீட்டிலேயே படித்து ஏழெட்டுத் தேர்வுகளை எழுத வைக்கும் வழக்கமும் பரவி வருகிறது. பள்ளியில் அந்தப் பாடம் இல்லாத பிள்ளைக்கு இது நல்ல வழி. பள்ளியிலேயே இருக்கும் பாடத்துக்கு இப்படிச் செய்தால் ட்ரான்ஸ்கிரிப்டில் ஒன்றும் ஏறாது. நான் இதை ஆதரிப்பதில்லை.

அப்புறம், எண்ணிக்கையில் போட்டி. விண்ணப்பத்தோடு பள்ளியின் கவுன்சிலர் (மாணவர்களுக்கான ஆலோசகர்) ‘ஸ்கூல் ப்ரொஃபைல்’ என்ற குறிப்பையும் அனுப்புவார். அந்தப் பள்ளியில் எத்தனை ஏபி பாடங்கள் உண்டு, எந்த வகுப்பில் எடுக்கலாம், ஏதாவது வரம்பு உண்டா என்பதெல்லாம் பெரும்பாலும் அதில் இருக்கும். ஆறு ஏபி மட்டுமே உள்ள பள்ளியில் ஐந்து எடுத்தவரை, இருபத்தைந்து உள்ள பள்ளியில் பன்னிரண்டு எடுத்தவரோடு நேரடியாக ஒப்பிட மாட்டார்கள். அதனால் பக்கத்து ஊர்ப் பள்ளியில் படிக்கும் நண்பர் மகனின் கணக்கு உங்கள் மகளுக்குப் பொருந்தாது.

பெர்க்லி உள்ளிட்ட கலிபோர்னிய அரசுப் பல்கலைக்கழகங்களின் ஜிபிஏ கணக்கையும் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பத்து, பதினொன்றாம் வகுப்புக் கிரேடுகளை வைத்து அவர்களே கணக்கிடுகிறார்கள். ஏபி போன்ற பாடங்களுக்கான கூடுதல் புள்ளி, தகுதிக்கான ஜிபிஏவில் அதிகபட்சம் எட்டு செமஸ்டருக்குத்தான், அதிலும் பத்தாம் வகுப்பிலிருந்து நான்குக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. அதற்கு மேல் எடுத்தவையும் வீணல்ல, விண்ணப்பத்தைப் படிப்பவர் பாடச் சுமையைத் தனியாகப் பார்ப்பார். ஆனால் பள்ளி தன் கணக்கில் கூடுதல் புள்ளி சேர்த்துத் தரும் 4.7, 4.8 என்ற எண்ணை நம்பி யாரும் பெருமைப்படவோ பயப்படவோ வேண்டாம்.

ஏபியில் பி நல்லதா, சாதாரண வகுப்பில் ஏ நல்லதா? ஒன்றிரண்டு பாடத்தில் பி வந்தால் கடினமான வகுப்பில் இருப்பதே மேல் என்பது என் கருத்து. மூன்று பாடத்தில் சி வரத் தொடங்கினால் சுமை அதிகமாகிவிட்டது. உடனே கவுன்சிலரைப் பார்க்க வேண்டும். பாடத்தைக் கைவிடுவதற்கும் கெடு உண்டு, அது தாண்டினால் சில பள்ளிகளில் ட்ரான்ஸ்கிரிப்டிலேயே குறிப்பு வந்துவிடும்.

எந்தப் பாடம் என்பது எண்ணிக்கையைவிட முக்கியம். பொறியியல் கேட்கும் மாணவர் சைக்காலஜி, ஹியூமன் ஜியாக்ரஃபி, என்விரான்மென்டல் சயின்ஸ் என்று அடுக்கிவிட்டு, பள்ளியில் இருக்கும் கால்குலஸையும் இயற்பியலையும் தவிர்த்தால் அது கண்ணில் படும். பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் எடுக்க வேண்டுமென்றால், வழக்கமான வரிசையில் எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 முடிந்திருக்க வேண்டும். இது தெரியாமல் பத்தாம் வகுப்பில் விழித்துக்கொள்ளும் குடும்பங்கள் நிறைய. இன்னொரு பக்கம், அறிவியல்தான் வாழ்க்கை என்று ஆங்கிலத்தையும் வரலாற்றையும் ஒதுக்குவதும், அயல்மொழியை இரண்டே ஆண்டில் நிறுத்துவதும் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு. தமிழுக்கு ஏபி தேர்வு இல்லை. ஆனால் தமிழ்ப் பள்ளிப் படிப்புக்கு அயல்மொழிக் கிரெடிட் தரும் பள்ளி மாவட்டங்கள் உண்டு. ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வுகளான எஸ்ஏடி, ஏசிடி விஷயத்தில் பழைய தகவலை நம்புவதுதான் ஆபத்து. கொரோனா காலத்தில் பல கல்லூரிகள் இவற்றை விருப்பத்துக்கு விட்டன. எம்ஐடி 2022இல் மீண்டும் கட்டாயமாக்கியது. 2024இல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் ஆகியவையும் அதே முடிவை அறிவித்தன. அதே ஆண்டு யேல் தேர்வு மதிப்பெண் வேண்டும் என்றது, ஆனால் எஸ்ஏடிக்குப் பதில் ஏபி மதிப்பெண்களை அனுப்பலாம் என்று வழி வைத்தது. அப்படி விதி உள்ள இடத்தில் ஏபி தேர்வின் எடையே மாறிவிடுகிறது. கலிபோர்னிய அரசுப் பல்கலைக்கழகங்களோ சேர்க்கைக்கு எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. 1600க்கு 1600 இருந்தாலும் அங்கே இடம் கிடைக்க அது உதவாது. ஆக, கல்லூரிப் பட்டியலைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் அந்த ஆண்டுக்கான விதியைப் படித்த பிறகே பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுங்கள்.

கிரெடிட் கணக்கிலும் ஏமாற்றம் உண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தாராளம். இல்லினாய், ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் 3 எடுத்தாலே அரசுப் பல்கலைக்கழகங்களில் கிரெடிட் உண்டு. ஒரு செமஸ்டர் கட்டணமே மிச்சமாகலாம். ஆனால் எம்ஐடியில் கால்குலஸ் பிசி (ஏபி கால்குலஸ் இரண்டில் மேல்நிலைப் பாடம்) கிரெடிட்டுக்கு 5 வேண்டும். மருத்துவம் நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முன்தேவை அறிவியல் பாடங்களுக்கு ஏபி கிரெடிட்டை ஏற்காத மருத்துவக் கல்லூரிகள் பல. பள்ளியில் இருந்துகொண்டே கம்யூனிட்டி காலேஜில் எடுக்கும் பாடங்களின் கிரேடும் நிலையான கல்லூரிப் பதிவு, பின்னாளில் மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் அதையும் காட்டியாக வேண்டும்.

கடைசியாக, இடம் கிடைத்த பிறகு விட்டுவிடுவது. சேர்க்கைக் கடிதம் இறுதி ட்ரான்ஸ்கிரிப்டுக்கு உட்பட்டது. விண்ணப்பத்தில் எழுதிய ஏபி பாடத்தைச் சொல்லாமல் கைவிட்டாலோ, கிரேடு டி, எஃப் என்று சரிந்தாலோ கல்லூரி இடத்தைத் திரும்பப் பெற முடியும், பெற்றும் இருக்கிறார்கள். வீட்டில் நோயோ வேறு சிக்கலோ வந்து படிப்பு தடுமாறினால், ஜூன் மாத ட்ரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேரும்வரை காத்திருக்காமல் மாணவரே சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி, கவுன்சிலரையும் ஒரு வரி எழுதச் சொல்ல வேண்டும்.