பெயரின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி? குழந்தைக்குப் பெயர் தேடுவோருக்கு

சுரேஷ், ரமேஷ், மகேஷ் என்று மூன்று பெயர்கள் ஒரு பட்டியலில் இருந்தால், ஆளைப் பார்க்காமலே ஐம்பதைத் தொட்டவர்கள் என்று சொல்லிவிடலாம். பழனிச்சாமி என்றால் எழுபது பக்கம். யாழினி என்றால் அநேகமாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. இந்தக் கணிப்பு சில சமயம் தவறும். ஆனால் பெரும்பாலும் சரியாக இருக்கும். காரணம், பெயர் தனியாகப் பழசாவதில்லை. தன்னோடு ஒலிக்கிற மற்ற பெயர்களோடு கூட்டமாக வருகிறது, கூட்டமாகப் போகிறது. உங்கள் குழந்தையின் பெயர் எந்தக் கூட்டத்தில் இருக்கிறது என்பதைப் பெயர் சூட்டும் முன்பே பார்த்துவிட முடியும். செலவில்லை, ஒரு சாயங்காலம் போதும்.

முதலில் பெயரின் வாலைப் பாருங்கள்

மனதில் உள்ள ஐந்தாறு பெயர்களைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றின் கடைசி ஓசையை மட்டும் வட்டமிடுங்கள். நாகரிகம் முதலில் பிடிப்பதும் முதலில் கைவிடுவதும் அதைத்தான். கந்தசாமி, பழனிச்சாமி, வேலுச்சாமி என்று ஒரு தலைமுறை. அதன் பின் செல்வராஜ், நடராஜ், தங்கராஜ். பிறகு குமார் வந்து எல்லாப் பெயரிலும் ஒட்டிக்கொண்டது: செந்தில்குமார், சரவணகுமார், சதீஷ்குமார். அதையொட்டியே ரமேஷ், தினேஷ், ராஜேஷ். பெண்களுக்கு அம்மாளும் ஆயியும் போய், செல்வியும் மதியும் வந்து, பிறகு கவிதா, சங்கீதா, பிரியா, திவ்யா, ரம்யா. இப்போது ஆண் பிள்ளைக்கு ‘இத்’, ‘இக்’, ‘விக்’. பெண் பிள்ளைக்கு ‘இகா’, ‘ஷிதா’, ‘இனி’.

இது நடக்கும் விதம் எளிமையானது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரை யாரும் அப்படியே வைப்பதில்லை. ஆனால் அந்த ஓசை காதுக்குப் பிடித்துப் போயிருக்கும். அதனால் ஓரெழுத்தை மாற்றி அதே வாலை ஒட்டுவார்கள். சுரேஷுக்குத் தம்பி ரமேஷ் ஆனது அப்படித்தான். பத்துப் பதினைந்து வருடத்தில் வகுப்பறை முழுக்க ‘ஏஷ்’. அந்த வகுப்பில் படித்தவர்கள் பெற்றோரானபோது அந்த ஓசையைத் தொடவே இல்லை.

வால் போனாலும் வேர் போவதில்லை என்பதுதான் இதில் பயனுள்ள செய்தி. கந்தசாமி, செந்தில்குமார், கார்த்திக், வேலன் எல்லாம் ஒரே முருகன்தான், தலைமுறைக்கு ஒரு சட்டை. தாத்தா பெயரை வைத்தே ஆக வேண்டும் என்று வீட்டில் சண்டை வந்தால் இதை நினைவில் வையுங்கள். வேலுச்சாமியின் பேரனுக்கு வேலன் என்று வைத்தால் தாத்தாவுக்கும் திருப்தி, பிள்ளைக்கும் பாரமில்லை.

தமிழ்நாட்டில் இந்த நாகரிகம் இவ்வளவு பளிச்சென்று தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. பெயருக்குப் பின்னால் இருந்த வால் உதிர்ந்து, முன்னால் இனிஷியல் மட்டும் மிஞ்சியது. பிற மாநிலங்களில் குடும்பப் பெயர் சுமக்கிற வேலையையும் இங்கே ஒற்றைப் பெயரே சுமக்கிறது. சாமி, மொழி, கட்சி, ஊர், காலம் எல்லாம் அதற்குள்தான்.

வாக்காளர் பட்டியலில் சோதிப்பது

அமெரிக்காவில் 1880 முதல் எந்த ஆண்டு எந்தப் பெயர் எத்தனை குழந்தைகளுக்கு வைக்கப்பட்டது என்ற கணக்கை அரசே வெளியிடுகிறது. நமக்கு அப்படி எளிதில் கிடைக்கும் கணக்கு இல்லை. ஆனால் அதற்கு நிகரான ஒன்று யாருக்கும் கிடைக்கும்: வாக்காளர் பட்டியல். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதியையும் பாகத்தையும் தேர்ந்தெடுத்தால் பிடிஎஃப் இறங்கும். பக்கத்துக்கு 30 பேர். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம் எல்லாம் இருக்கும். பெரும்பாலும் படமாகத்தான் இருக்கும், சொல் போட்டுத் தேட முடியாது. கண்ணால்தான் ஓட்ட வேண்டும்.

பத்துப் பக்கம் போதும், 300 பேர். தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: 18–30, 31–45, 46–60, 60-க்கு மேல். உங்கள் பெயரும் அதே வால் கொண்ட பெயர்களும் வரும்போதெல்லாம் வயதுக்குரிய கட்டத்தில் ஒரு கோடு. அரை மணி நேரத்தில் படம் தெளிந்துவிடும். கோடுகள் ஒரே கட்டத்தில் குவிந்தால் அது வயது சொல்லும் பெயர். 31–45-இல் குவிந்தால் அதை விட்டுவிடுங்கள். பெற்றோர் வயதுக்காரர்களின் பெயர்தான் குழந்தைக்கு மிகப் பழசாகத் தெரியும். கண்ணன், முருகன், வள்ளி, மீனாட்சி போல நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம் விழுந்தால் அது காலத்தோடு ஒட்டாத பெயர். அப்படிப்பட்டவை குறைவு.

சில இடங்களில் இந்தக் கணக்கு ஏமாற்றும். முதியவர்களின் வயது 60, 65, 70 என்று முழு எண்ணாக நிற்கும். பிறப்புச் சான்று இல்லாத காலத்தில் குத்துமதிப்பாகச் சொன்ன வயது அது. பெண்களில் பலர் வேறு ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர்கள், எனவே உள்ளூர் வழக்கத்தை அறிய ஆண்களின் பெயரைப் பாருங்கள். நகரத்து அடுக்குமாடிப் பகுதிகளில் பல ஊர் மக்கள் கலந்திருப்பார்கள். உங்கள் பூர்வீகக் கிராமத்தின் பாகத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பலர் கவனிக்காமல் விடும் ஒன்று, தந்தை பெயர் வரிசை. எழுபது வயதுக்காரரின் தந்தை நூறாண்டுக்கு முன் பெயர் பெற்றவர். மறுபடி எடுக்கத் தகுந்த பெயர்கள் அங்கேதான் கிடக்கின்றன.

பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்கள் பட்டியலில் வரமாட்டார்கள். அதற்குத் தெருமுனையில் கட்டும் முதல் பிறந்தநாள் பிளெக்ஸ், காதணி விழா அழைப்பிதழ், மழலையர் பள்ளி ஆண்டுவிழாப் பரிசுப் பட்டியல் ஆகியவற்றைப் பாருங்கள். இருபது பெயர் சேர்ந்தால் இன்றைய அலை எதுவென்று புரியும்.

ஒரே காரணத்தால் வந்த பெயரா?

அடுத்த சோதனை ஒரு கேள்விதான்: இந்தப் பெயர் ஏன் எல்லோருக்கும் தெரிகிறது? பதில் ஒரே ஒரு ஆள், ஒரே படம், ஒரே தொடர் என்றால் யோசியுங்கள். வேகமாக ஏறுவது வேகமாக இறங்கும், பிறந்த ஆண்டையும் காட்டிக்கொடுக்கும். 1953 மார்ச் 1-இல் பிறந்த மகனுக்குக் கருணாநிதி ஸ்டாலின் என்று பெயர் வைத்தார். சோவியத் தலைவர் ஸ்டாலின் அதே மார்ச் 5-இல் இறந்தார். பெயருக்குள்ளேயே தேதி இருக்கிறது. நேரு, போஸ், லெனின் எல்லாம் அந்த வகைதான். தவறென்று சொல்லவில்லை. கொள்கைக்காக வைப்பவர் தெரிந்தேதான் வைக்கிறார். அழகாக இருக்கிறதே என்று மட்டும் வைப்பவருக்குத்தான் எச்சரிக்கை.

தூய தமிழ்ப் பெயர் என்றால் காலத்தைக் கடந்தது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இல்லை. 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அந்த அலையின் பெயர்கள் நீளமானவை, இரண்டு சொல் சேர்ந்தவை: தமிழ்ச்செல்வி, மலர்க்கொடி, கலைச்செல்வன், அறிவழகன். இன்றைய அலை இரண்டு மூன்று எழுத்து: நிலா, கயல், கவின், மகிழ், இனியா. இரண்டும் தமிழ்தான், இரண்டுக்கும் வயது உண்டு. யாழினி, தமிழினி, மகிழினி என்று பெருகும் ‘இனி’ அன்றைய ‘ஏஷ்’ போன இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது என்பது எங்கள் கணிப்பு.

பழசு எப்போது புதுசாகும்

தாத்தா பாட்டி தலைமுறைப் பெயர் இன்னும் கிழடு தட்டித்தான் தெரியும். அதற்கும் முந்திய தலைமுறைப் பெயரைத் தாங்கியவர் யாரும் உயிரோடு கண்முன் இல்லாதபோது அது மறுபடி புதிதாக ஒலிக்கத் தொடங்கும். எல்லாமே திரும்பி வராது. குப்பன், பிச்சை போன்றவை முந்திய பிள்ளைகள் தங்காத வீட்டில் கண்படாமலிருக்க வைத்தவை. அந்த அச்சம் போனதும் பெயரும் போயிற்று. போதும்பொண்ணு திரும்பவே வேண்டாம். திரும்புபவை குறுகியவை, இலக்கியத்திலோ கோயிலிலோ வேறு ஒரு கால் ஊன்றியவை: கோதை, ஆதிரை, குந்தவை, வேலன்.

பழைய பெயர் தேடுபவர்களுக்கு நல்ல சுரங்கம், ஊர் அம்மன் பெயர்கள். திருநெல்வேலி காந்திமதி, சங்கரன்கோவில் கோமதி, சிதம்பரம் சிவகாமி, மயிலாப்பூர் கற்பகாம்பாள், மன்னார்குடி செங்கமலம், நாகப்பட்டினம் நீலாயதாட்சி, திருக்கடையூர் அபிராமி. இவை காலத்தைவிட ஊரையே அதிகம் சொல்லும். அபிராமி எப்போதும் கீழே விழவே இல்லை. மற்றவற்றில் ஒரு பகுதியை மட்டும் எடுத்தால் நீலா, கற்பகம், கமலி என்று இன்றும் புழங்கும் பெயர்கள் கிடைக்கும். நாகூர் மீரான், ஆரோக்கியசாமி போன்ற தர்கா, மாதா கோயில் பெயர்களுக்கும் இதே கதைதான். ஊரை விட்டு வெளியே வந்த தலைமுறை சுருக்கமான பெயருக்கு மாறிவிட்டது.

நட்சத்திர எழுத்து

விசித்திரப் பெயர்கள் பெரும்பாலும் பிறக்கும் இடம் இது. 27 நட்சத்திரம், நான்கு பாதம், ஆக 108 எழுத்து. பாதத்துக்கு உரிய ஒரே எழுத்தில்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அகராதியில் பெயர் தீர்ந்துவிடும். பிறகு அர்த்தமில்லாத ஓசைகளைக் கோக்க வேண்டியதுதான். நட்சத்திரத்தின் நான்கு எழுத்துகளையும் எடுத்துக்கொண்டால் தேர்வு உடனே நான்கு மடங்காகும். கார்த்திகைக்கு அ, இ, உ, எ; இதில் பெயர் கிடைக்காமல் போகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அசுவினிக்குப் பஞ்சாங்கம் ‘சு, சே, சோ, ல’ என்று அச்சிடுகிறது. வடமொழி மூலத்தில் அந்த ‘சு’ பச்சையில் வரும் ‘ச்’ போல வல்லோசை, சுரேஷின் சு அல்ல. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் பல ஆயிரம் சுரேஷ்களுக்கு அசுவினி ‘பொருந்தி’விட்டது. அதனால் ஓரெழுத்துக்காக நல்ல பெயரை இழக்க வேண்டியதில்லை. மனம் கேட்காவிட்டால், எழுத்துப்படி ஒரு பெயரைத் தொட்டிலில் காதில் சொல்லிவிட்டு, கூப்பிட வேறு பெயரைப் பதியுங்கள்.

வாயில் போட்டுப் பாருங்கள்

ஆயாவைக் கூப்பிடச் சொல்லுங்கள். லக்ஷித் லச்சித்தாகும், ஹர்ஷித் அர்சித்தாகும். அது உங்களுக்குச் சிரமமில்லை என்றால் சரி. எப்படியும் மூன்று எழுத்துக்கு மேல் போகும் பெயரைச் சொந்தக்காரர்கள் வெட்டிவிடுவார்கள். வெட்டிய பின் மிஞ்சுவது பிடிக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். பிறகு ஆங்கிலத்தில் எழுதி, தமிழ் தெரியாத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். ழகரத்துக்கு நாம் எழுதும் இரண்டு எழுத்தை வெளியூரில் ‘ஸ’ என்றுதான் படிப்பார்கள். யாழினி யாஸினி ஆவாள். தர்ஷனுக்கு Darshan, Dharshan, Tharshan என்று மூன்று எழுத்துக்கூட்டல் சாத்தியம். எண் கணிதத்துக்காக இன்னொரு ‘ஏ’ சேர்த்தால் அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

பதிவு

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை அல்ல. ஆஸ்பத்திரியில் படிவம் நீட்டும்போது அவசரப்பட்டு எதையாவது எழுதிக்கொடுப்பதுதான் பெரிய தவறு. பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம், அதன் பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. ஏறிய பிறகு எழுத்துப்பிழை திருத்தலாமே தவிர, வேறு பெயருக்கு மாற அரசிதழ் வரை போக வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஒரே ஆதாரம். ஆகவே தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வோர் எழுத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அதே எழுத்துக்கூட்டல் ஆதாரிலும், பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் தகவல் பதிவான எமிஸிலும் வர வேண்டும்.

கடைசியாக இனிஷியல். பாஸ்போர்ட் படிவம் குடும்பப் பெயர் கேட்கும், ஓரெழுத்தை ஏற்காது. பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டத்தில் ஒன்று காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று அச்சாகி வரும், பெயர் தெரியாது என்று பொருள். அப்பா அல்லது அம்மாவின் பெயரை முழுதாக விரித்துக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடுவதுதான் வழி. அதனால் குழந்தையின் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போதே பின்னால் அந்தப் பெயரைச் சேர்த்து ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள்.