பானெட்டைத் தொடும் முன் ஜாக்கை எடுங்கள்: பழைய கார்டன் டிராக்டரின் முன்பக்கத்தை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கார்டன் டிராக்டர் ஒன்று கைக்கு வந்ததும் முதலில் கண்ணில் படுவது அதன் முகம்தான். வெளுத்துப்போன பானெட், நசுங்கிய கிரில், கண்ணாடி உடைந்த ஹெட்லைட். உடனே கை பரபரக்கும். அகலமான முன் டயர், எல்இடி விளக்கு, கனமான பம்பர் என்று மனதுக்குள்ளேயே வண்டியைக் கட்டி முடித்துவிடுவோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் அந்த முகத்தைத் தாங்குவது, முன் ஆக்சிலை நடுவில் ஃபிரேமோடு இணைக்கும் ஒரு பிவட் பின்னும், ஆக்சிலின் இரு முனைகளிலும் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் இரண்டு ஸ்பிண்டில்களும்தான். அவை தேய்ந்து கிடக்கும்போது மேலே செய்கிற வேலை எதுவும் நிலைக்காது. பல சமயம் நாம் ஆசையாகப் பூட்டிய சாமான்களே அவற்றைச் சீக்கிரம் முறித்துவிடும்.

அதனால் நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது, வேலையை மேலிருந்து தொடங்குவதுதான்.

ஃபிரேமுக்கு அடியில் ஜாக் வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஆக்சிலுக்கு அடியில் ஜாக் வைத்தால் பிவட்டில் இருக்கும் ஆட்டம் தெரியாமல் போய்விடும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் எங்கே என்று இன்னொருவர் பார்க்கட்டும்: சக்கர பேரிங்கிலா, ஸ்பிண்டில் ஆக்சிலுக்குள் நுழையும் இடத்திலா, நடுவில் பிவட் பின்னிலா? மூன்றும் வேறு வேறு வேலை. அப்புறம் ஆக்சிலை முன்னும் பின்னுமாகத் தள்ளிப் பாருங்கள். ஃபிரேம் சானலுக்குள் அது தடதடவென்று அடித்தால், ஸ்டீயரிங்கில் என்ன புதுசு போட்டாலும் வண்டி நேராகப் போகாது.

என் வண்டியில் பிவட் பின்னை உருவியபோது, அது நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தது. அடிப்பக்கம் மட்டும் கண்ணாடி போலப் பளபளத்தது, மேல்பக்கம் பழைய கிரீஸ் கல்லாக இறுகியிருந்தது. 3/4 அங்குலப் பின், அதாவது 19.05 மி.மீ. இருக்க வேண்டியது, வெர்னியர் வைத்தால் 18 மி.மீ. சொச்சம்தான் காட்டியது. பின்னை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஓட்டையும் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கும் என்று தோன்றவே இல்லை. சில வாரங்களில் பழைய ஆட்டம் திரும்பிவிட்டது. ஓட்டையை லேத்தில் துளைத்துப் பெரிதாக்கி வெண்கல புஷ் (பின் உட்காரும் உள்குழல்) இறக்கிய பிறகுதான் தீர்ந்தது. இந்த வேலையில் புது பின்னும் புது புஷ்ஷும் ஒரு ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றுவது பாதி வேலை.

பின் ஆடுகிறதே என்று ஆக்சிலை ஃபிரேமோடு சேர்த்து வெல்டிங் வைத்து இறுக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இந்த வண்டிகளுக்கு ஸ்பிரிங் கிடையாது. பின்னால் இரண்டு சக்கரம், முன்னால் பிவட் பின் என்று மூன்று புள்ளிகளில் நிற்பதால்தான் மேடுபள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையைத் தொடுகின்றன. அதைப் பூட்டிவிட்டால் ஒரு முன் சக்கரம் அந்தரத்தில் தொங்கும், மொத்தப் பாரமும் மற்ற ஸ்பிண்டிலில் இறங்கும், ஃபிரேம் முறுக்கும். ஆட்டத்தை எடுக்க வேண்டியது பின்னிலிருந்து. ஆக்சில் ஊசலாடுவது இருந்தே ஆக வேண்டும்.

ஸ்டீயரிங்கிலும் இதே கதைதான். வீல் ஹார்ஸ் நிறுவன வண்டிகள் பலவற்றில் விசிறி வடிவ கியர் இருக்கும். நேராக ஓட்டும்போது கடிக்கும் நடுப்பற்கள்தான் அதிகம் தேயும். பழைய கப் கேடட்டில் ராஸ் வகை ஸ்டீயரிங் பெட்டி, அதில் ஒரு முளை சுருள் பள்ளத்துக்குள் ஓடும். ஸ்டீயரிங் லூசாக இருக்கிறது என்று அட்ஜஸ்ட் நட்டை ஒரேயடியாக இறுக்கினால், நடுவில் சரியாக இருக்கும், திருப்பும்போது பிடிக்கும். முழுக்க இடமும் வலமும் சுற்றிப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அதற்கும் முன்னால் இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராட், ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் ஆகியவற்றின் முனைகளைப் பாருங்கள். பெட்டி மேல் போடும் பழியில் பாதி இந்த முனைகளுக்குச் சேர வேண்டியது.

அகலமான டயர் என்ற ஆசை

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் முன்பக்கத்தை மாற்றுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் கைவைப்பது இங்கேதான். பல வண்டிகளுக்கு முன்னால் வருவது 16×6.50-8 டயர். அதற்குப் பதிலாக 18×8.50-8 போட்டால் முகம் அப்படியே முரட்டுக் களை கொள்ளும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை.

ஆனால் ஸ்பிண்டில் திரும்பும் செங்குத்துத் தண்டான கிங்பின்னின் நடுவழியாக ஒரு கோடு போட்டுத் தரை வரை இறக்குங்கள். அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம்தான் ஸ்டீயரிங்கை எதிர்க்கும் நெம்புகோல். 2 அங்குலமாக இருந்த அந்தத் தூரம், அகலமான டயராலோ ஆஃப்செட் மாறிய ரிம்மாலோ 4 அங்குலம் ஆனால், சக்கரம் ஒரு கல்லில் இடிக்கும்போது கைக்கு வரும் உதை இரட்டிப்பாகும். ஸ்பிண்டிலை வளைக்கும் விசையும் சக்கரம் வெளியே போகப் போக ஏறும். மெல்லிய 3/4 அங்குல ஸ்பிண்டில் அதைத் தாங்குவது கஷ்டம். வளைந்ததை நெருப்பு காட்டி நிமிர்த்திப் போடுவதும் ஆபத்து. 1 அங்குல ஸ்பிண்டிலுக்கு மாறுவதாக இருந்தால் ஆக்சிலின் கண், புஷ், சக்கர பேரிங் எல்லாம் சேர்ந்தே மாற வேண்டும்.

உயரமும் மாறுகிறது. 16 அங்குல டயர் 18 ஆனால் ஆக்சில் ஒரு அங்குலம் மேலே போகும், வண்டியின் மூக்கு தூக்கும். மூக்கு தூக்கினால் கிங்பின்னின் தலை பின்னால் சாயும், கேஸ்டர் எனப்படும் அந்தச் சாய்வு கூடும், ஸ்டீயரிங் கனக்கும். மூக்கைத் தாழ்த்தினால் இதற்கு நேர்மாறு: கேஸ்டர் குறைந்து வண்டி அலைபாயும், திருப்பிய சக்கரம் தானாக நேருக்கு வராது. புல் வெட்டும் டெக் தொங்குகிற வண்டியானால் அதன் சாய்வும் கெட்டுப்போகும். பிளேடின் முன் முனை பின் முனையைவிட 3 முதல் 6 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மூக்கு தூக்கியதும் இது தலைகீழாகி, டெக் வெட்டிய புல்லையே திரும்ப வெட்டும். பெல்ட்டின் கோணத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

டயரைப் பூட்டியதும் ஒரு சோதனை. ஒரு முன் சக்கரத்துக்கு அடியில் நல்ல தடிமனான மரக்கட்டை வைத்து ஏற்றி, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுற்றுங்கள். கட்டையை மற்றப் பக்கம் வைத்து இன்னொரு முறை. சமதரையில் எங்கும் உரசாத டயர், ஆக்சில் சாய்ந்த நிலையில் திருப்பும்போது பானெட்டின் ஓரத்தையோ டிராக் லிங்கையோ கவ்வுவதை இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும்.

டை ராட் மாட்டும் ஸ்பிண்டில் கைகளைக் கழற்றினால் இடது, வலது என்று குறித்து வையுங்கள். கிங்பின்னிலிருந்து டை ராட் முனை வழியாகப் போகும் கோடு, பின் ஆக்சிலின் நடுப்பக்கமாகப் போக வேண்டும்; அப்போதுதான் திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கத்தைவிட அதிகம் திரும்பும். இடம் கிடைக்கவில்லை என்று டை ராடை ஆக்சிலுக்கு முன்னால் கொண்டுபோய், கைகளை அப்படியே முன்னோக்கித் திருப்பிப் போட்டால் இந்தக் கணக்கு தலைகீழாகும். முன்னால்தான் போட வேண்டுமென்றால் கைகள் வெளிப்பக்கமாக விரிய வேண்டும். கடைசியில் டோ-இன், அதாவது சக்கரங்களின் முன்பக்கம் லேசாக உள்நோக்கி இருப்பது: அச்சு உயரத்தில், டயர்களுக்கு நடுவே முன்பக்க அளவு பின்பக்க அளவைவிட 3 மி.மீ. போலக் குறைவாக இருந்தால் பெரும்பாலான வண்டிகளுக்குச் சரியாக இருக்கும்.

வெல்டிங்கும் போல்ட்டும்

ஆக்சிலை நீட்ட நினைத்து வெட்டும் முன், அது எஃகா வார்ப்பிரும்பா என்று பாருங்கள். ஓரத்தில் கிரைண்டரை லேசாகத் தொட்டால் போதும். எஃகு நீளமாக, பளிச்சென்று பொறி விடும். வார்ப்பிரும்புப் பொறி குட்டையாக, மங்கிய சிவப்பாக விழும். வார்ப்பிரும்பைச் சூடாக்காமல் சாதாரண ராடில் ஒட்டினால், ஒட்டு உறுதியாக இருக்கும், ஒட்டுக்கு அடுத்த இடம் விரிசல் விடும். நிக்கல் ராடு, முன்சூடு, மெதுவான ஆறுதல் எல்லாம் தெரிந்த கைக்கே அது கஷ்டமான வேலை. என்னைக் கேட்டால், பழைய ஆக்சிலை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, கனமான சதுரக் குழாயில் புதிதாக ஒன்று செய்வது எவ்வளவோ மேல். பிடிக்காவிட்டால் பழையதை மாட்டிக்கொள்ளலாம்.

போல்ட்டில் ஒரு சின்ன விஷயம் பெரிய தொல்லை தரும். இந்த வண்டிகள் அங்குல மரையில் வந்தவை. 5/16 போல்ட்டும் எம்8 போல்ட்டும் கண்ணுக்கு ஒன்றுதான்: ஒன்று 7.94 மி.மீ., மற்றது 8 மி.மீ. ஆனால் சாதாரண 5/16 மரையின் இடைவெளி 1.41 மி.மீ., எம்8 மரைக்கு 1.25 மி.மீ. இரண்டு மூன்று சுற்று உள்ளே போய் அப்புறம் இறுகும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போகும் என்று தோன்றும், மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். கையால் முழுக்கத் திருக முடியாத போல்ட்டை ஸ்பேனரால் திருகாதீர்கள்.

முன்னால் பாரம் கட்டும்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரம், 115 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன் ஆக்சிலுக்கு 50 செ.மீ. முன்னால் 40 கிலோ பம்பரும் எடைக்கட்டியுமாகத் தொங்கவிட்டால், முன் ஆக்சில் மேல் ஏறுவது 40 இல்லை, ஏறக்குறைய 57 கிலோ. அந்தக் கூடுதல் 17 கிலோ பின் சக்கரங்களிலிருந்து வருகிறது. பிரேக் வேலை செய்வது பின் சக்கரங்களில் மட்டும். அதாவது சரிவில் இறங்கும்போது வண்டியை நிறுத்துவதற்கு இருக்கிற பிடியை நாமே குறைத்துவிடுகிறோம்.

கிரில்லும் விளக்கும்

கிரில்லுக்குப் பின்னால் தகடு வைத்து அடைப்பதும், ஓட்டைகளை மூடி வழவழப்பான முகம் செய்வதும் அழகுக்குச் சரி. ஆனால் இந்த என்ஜின்களில் பெரும்பாலானவை, கோலர் கே வகை உட்பட, காற்றால் குளிர்பவை. ஃப்ளைவீல் விசிறி காற்றை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியாமல் எதையும் மூடக்கூடாது. ஷாஃப்ட் டிரைவ் உள்ள பழைய கப் கேடட்டில் ஃப்ளைவீல் ஓட்டுநர் பக்கம் இருக்கும், முன்னால் இருப்பது, டெக் போன்ற கருவிகளுக்கு என்ஜின் சக்தியைக் கொடுக்கும் பிடிஓ கிளட்ச். வேறு வண்டிகளில் அமைப்பு வேறு. உங்கள் வண்டியில் என்ஜினை ஓடவிட்டு, ஒரு மெல்லிய காகிதத் துண்டைத் தூரத்தில் பிடித்துக் காட்டினாலே காற்று போகும் திசை தெரிந்துவிடும்.

55 வாட் ஹாலஜன் இரண்டு மாட்டினால் 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சில பழைய என்ஜின்களின் சார்ஜிங் காயில் தருவதே 3 ஆம்பியர்தான். விளக்கு எரியும், பேட்டரி மெல்ல மெல்ல இறங்கும், மறுநாள் ஸ்டார்ட் ஆகாது. எல்இடி போடுங்கள். ஹாலஜன்தான் வேண்டுமென்றால் சார்ஜிங் எவ்வளவு என்று பார்த்து, ரிலேயும் ஃபியூஸும் வைத்துப் போடுங்கள். பழைய சுவிட்ச் வழியாக அவ்வளவு கரன்ட்டையும் ஓட்டாதீர்கள்.

பானெட்டில் துளை போடும் முன் வண்டியின் வருடத்தையும் சீரியல் எண்ணையும் பார்த்துவிடுங்கள். 1961-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கொண்டுவந்த முதல் கப் கேடட், 1963-இல் வந்த முதல் ஜான் டீர் 110 போன்றவற்றின் அசல் தகடுகளை வெட்டினால் மனசு ஆறாது. 1969 முதல் சில வருடங்கள் ஜான் டீர், வெள்ளை உடம்பில் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, நீலம் என்று பானெட்டும் சீட்டும் வைத்து பேஷியோ வரிசை என்று விற்றது. யாரோ அடித்த பெயின்ட் என்று நினைத்து அந்த நிறத்தைச் சுரண்டிப் பச்சை அடித்தவர்கள் உண்டு. அடிப்பூச்சு வரை ஒரு மூலையில் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை இல்லை என்றால் அந்த நிறம் தொழிற்சாலையிலேயே வந்ததாக இருக்கலாம்.

எல்லாவற்றையும் பூட்டி, பெயின்ட் அடிக்கும் முன்னால் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பழைய தேய்ந்த பானெட்டோடு, பிரைமர்கூட இல்லாத ஆக்சிலோடு ஓட்டினால் போதும். திரும்பி வந்ததும் சக்கர நட், டை ராட் லாக் நட், பிவட் பின்னின் காட்டர் பின் மூன்றையும் கை வைத்துப் பாருங்கள். கிரீஸ் நிப்பிளில் துப்பாக்கியை வைத்து, பிவட்டின் இரண்டு ஓரத்திலும் புது கிரீஸ் பிதுங்கி வருகிறதா என்று பார்த்த பிறகு பெயின்ட் டப்பாவைத் திறக்கலாம்.