கார்பரேட்டர் ஒழுகல், ஃப்ளோட் அட்ஜஸ்ட் பண்ண கதை
அப்பாவோட பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி, ராத்திரி நிறுத்தினா காலைல கார்பரேட்டரோட (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற பாகம்) ஓவர்ஃப்ளோ டியூப்ல பெட்ரோல் சொட்டிக் கெடக்கும், ஸ்பார்க் ப்ளக்கும் கருப்பா ஈரமா இருக்கும். நீடில் வால்வ் (பெட்ரோல் உள்ள வர்ற வழியைத் திறந்து மூடுற ஊசி) புதுசு போட்டேன், ஒழுகல் நிக்கல. ஃப்ளோட்டை (பெட்ரோல் மட்டம் ஏறுனா நீடிலைத் தள்ளி மூடுற மிதவை) கழட்டி காதுகிட்ட ஆட்டிப் பாத்தேன், உள்ள பெட்ரோல் ஏறல, சோ ஓட்டை இல்ல. அப்புறம் கார்பரேட்டரைக் கவுத்துப் புடிச்சு, கேஸ்கெட்டை எடுத்துட்டு, ஃப்ளோட் நாக்கு (நீடிலைத் தள்ளுற சின்னத் தகடு) நீடிலை லேசா தொடுற இடத்துல (நீடில் ஸ்பிரிங் அமுங்கவே கூடாது, நான் முதல்ல சொதப்புனது அங்கதான்) வெர்னியர் வெச்சு ஃப்ளோட் உயரத்தை (கேஸ்கெட் உக்கார்ற விளிம்புல இருந்து ஃப்ளோட் உச்சி வரைக்கும்) அளந்தா மேனுவல்ல இருக்கறதை விட 2 மி.மீ. கம்மி. கவுத்து அளக்கும்போது உயரம் கம்மினா பௌல்ல (கார்பரேட்டர் அடியில பெட்ரோல் நிக்கிற கிண்ணம்) பெட்ரோல் மட்டம் ஜாஸ்தினு அர்த்தம். நாக்கை மட்டும் துளியூண்டு நீடில் பக்கமா வளைச்சேன், மூணு தடவை கழட்டி மாட்டி உயிர் போச்சு. கடைசில பௌல் ட்ரெயின்ல கண்ணாடி டியூப் சொருகிப் பாத்தா மட்டம் பௌல் விளிம்புக்குக் கீழ. சொட்டு நின்னுருச்சு, ஆனாலும் பெட்ரோல் டேப்பை மூடாம தூக்கம் வரல.