மலையில் வேகாத பருப்பு: பல நாள் மலைநடைக்கு உணவு கட்டுபவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற ஜூனில் மணாலியில் ஒரு மளிகைக் கடை வாசலில் ஐந்து இளைஞர்கள் முதுகுப் பைகளைக் கொட்டிப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்ப் பேச்சு காதில் விழவே நின்றேன். ஹம்ப்டா கணவாய்க்கு ஐந்து நாள் நடை. சுமையாள் இல்லை, சமையல் தாங்களே என்றார்கள். தார்ப்பாயில் பொன்னி அரிசி நான்கு கிலோ, துவரம்பருப்பு ஒரு கிலோ, கண்ணாடி பாட்டிலில் ஆவக்காய், கைக்கடக்கமான கேஸ் கேனிஸ்டர் இரண்டு. பதினோரு வருடங்களுக்கு முன் நான் கட்டிய மூட்டையை யாரோ பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் காட்டியது போலிருந்தது.

பிஸ்கட் நொறுங்கும், உப்பை மறக்காதீர்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அவை முதல் நாள் மாலைக்குள் தாமாகவே புரிந்துவிடும்.

வேகவைக்க வேண்டிய பருப்பு, அரிசி

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

அன்று இதே நடையில் எங்கள் இரண்டாவது முகாம் பாலு கா கேரா. உயரம் சுமார் 3,600 மீட்டர். சாம்பார் இல்லாமல் ஐந்து நாள் எப்படி ஓட்டுவது என்று கேட்டுப் பருப்பை மூட்டையில் ஏற்றியவன் நான்தான். மாலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தோம். தண்ணீர் சீக்கிரமே தளதளவென்று கொதித்தது. அந்தக் கொதியைப் பார்த்துத்தான் ஏமாந்தோம். ஒரு மணி நேரம் கழித்து ஒரு பருப்பை விரலில் வைத்து நசுக்கினேன். மேலே வழவழப்பு, நடுவில் சாக்பீஸ் போல வெள்ளையாக ஒரு பொட்டு. இன்னும் அரை மணி. அதே பொட்டு. இருட்டிவிட்டது, காற்று வேறு சுடரைச் சாய்த்துக்கொண்டிருந்தது. ஏழரைக்கு மஞ்சள் தண்ணீரில் மிதந்த பருப்பை மென்று தின்றுவிட்டுப் படுத்தோம். காலையில் கேனிஸ்டரைத் தூக்கினால் காற்றுப் போலக் கனமே இல்லை.

காரணம் எளிது. ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி இறங்குகிறது. சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் பாலு கா கேராவில் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, ஆவியாகத்தான் போகும். துவரம்பருப்புக்கு அந்தப் பன்னிரண்டு டிகிரி பெரிய விஷயம். புளியை முதலிலேயே ஊற்றிவிட்டால் பருப்பு விறைத்துக்கொள்ளும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மலை அதே வேலையைப் புளி இல்லாமலே செய்கிறது. அரிசியும் அப்படித்தான்: சுற்றிலும் கூழ், நடுவில் நொய். புழுங்கலரிசி இன்னும் மோசம்.

பருப்பு வேகாததோடு கதை முடியவில்லை. நான்காம் நாள் காலையில் தேநீருக்குக் கூட கேஸ் இல்லை. தண்ணீரைக் காய்ச்ச முடியவில்லை. வேறு சுத்திகரிப்பு வழியும் கையில் இல்லை. ஆட்டு மந்தை கடந்துபோன ஓடையில் பிடித்த நீரைக் குடித்தோம். எங்களில் ஒருவருக்கு மதியத்துக்குள் வயிற்றுப்போக்கு. கைத்தாங்கலாகக் கணவாயின் மறுபுறம் நடை முடியும் சத்ரூவரை இறக்கி, அங்கிருந்து ரோதங் கணவாய் வழியாக ஜீப்பில் மணாலி சேர்ந்தபோது நள்ளிரவு. ரோதங்கை ஏறாமல் மலையைக் குடைந்து போகும் அடல் சுரங்கப்பாதை அப்போது கிடையாது. மூன்று கைப்பிடிப் பருப்புக்கு அந்த ஜீப் வாடகை கொடுத்தவன் என்ற முறையில்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

"மலைநடை நிறுவனங்களின் முகாம்களில் பருப்பும் சோறும் போடுகிறார்களே?" என்று அந்த இளைஞர்களில் ஒருவன் கேட்டான். போடுகிறார்கள், குக்கரில். மூடிய குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் அந்த உயரத்திலும் 110 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தக் குக்கரையும் பெரிய சிலிண்டரையும் கோவேறு கழுதை சுமக்கிறது. உங்களிடம் கழுதை இருந்தால் தாராளமாகப் பருப்பு கொண்டுபோங்கள்.

இல்லாவிட்டால் வேகவைக்கும் வேலையை வீட்டு அடுப்பிலேயே முடித்துவிடுங்கள். திபெத்தில் வாற்கோதுமையை வறுத்து அரைத்த சாம்பா மாவை வெண்ணெய்த் தேநீரில் பிசைந்து சாப்பிடுகிறார்கள். எரிபொருள் அரிதான உயரத்தில் பிறந்த உணவு அது. நம் சமையலறையிலும் அதற்கு ஈடானவை உண்டு. அவல் ஏற்கெனவே பக்குவப்பட்டது, வெந்நீரில் நனைந்தால் போதும். வறுத்த ரவையில் தாளிதத்தைக் கலந்து கொண்டுபோனால் சில நிமிடங்களில் உப்புமா. சத்துமாவுக் கஞ்சி, பொட்டுக்கடலை மாவு, சேமியா எல்லாம் இந்த வகை. பருப்பு ஆசை விடாதவர்களுக்குப் பருப்புப் பொடி இருக்கிறது: வறுத்து அரைத்தது, சூடான அவலில் நெய்யோடு பிசைந்தால் சாம்பார் ஞாபகமே வராது. சரி, கொஞ்சம் வரும்.

ஈரத்தைச் சுமப்பது

வடித்த சோற்றில் ஏறத்தாழ 70 சதவீதம் தண்ணீர். 100 கிராமுக்கு 130 கலோரிதான். அதே எடை வேர்க்கடலையில் 560 கலோரிக்கு மேல். ஆளுக்கு நாளொன்றுக்கு 600 முதல் 700 கிராம் உலர் உணவு என்று கணக்கு வைத்து, எண்ணெய்ச் சத்துள்ளவற்றைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறைந்து பாட்டிலை விட்டு வராது. ஆப்பிளை முதல் நாளே தின்றுவிடுங்கள்.

அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரை

ரயிலில் சாப்பிட்டுவிடுங்கள். சென்னையிலிருந்து மணாலி வருவதற்குள்ளேயே இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிடும். மூன்றாம் நாள் சோற்றை மலையில் சோதித்துப் பார்க்க வேண்டாம். தண்ணீர் படாமல் சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் மட்டும் மேலே வரட்டும்.

கண்ணாடி பாட்டிலில் ஊறுகாய்

என் ஸ்லீப்பிங் பேகில் இன்னும் மாகாளிக்கிழங்கு வாடை.

கேனிஸ்டரை விமானத்தில் கொண்டுவருவது

விடமாட்டார்கள். மணாலியில் கிடைக்கும்.

இரவில் அதைக் கூடாரத்துக்கு வெளியே வைக்காதீர்கள். உள்ளிருக்கும் பியூட்டேன் வாயு உறைகுளிரில் ஆவியாக மறுக்கும். துணியில் சுற்றிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டால் காலைத் தேநீருக்குச் சண்டை போடாது.

எல்லாம் இனிப்பாக

கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், சாக்லேட் என்று சக்தி தரும் பொருளாகப் பார்த்துப் பார்த்துக் கட்டுவோம். 3,000 மீட்டருக்கு மேல் பசி மந்தமாகும். மூன்றாம் நாள் இனிப்பைப் பார்த்தாலே குமட்டும். அன்றைக்கு எங்கள் கூட்டத்தில் மதிப்பு இருந்தது ஒரு துண்டு உப்பு நாரத்தங்காய்க்குத்தான். அதை எட்டாக நறுக்கிப் பங்கு வைத்தோம். புளிப்பும் உறைப்பும் பையில் கட்டாயம் இருக்கட்டும்; சாப்பிட முடியாத கலோரி வெறும் சுமை.

நூடுல்ஸ் மட்டும்

ஒரு நாள் தாங்கும்.

இவ்வளவையும் அந்தக் கடை வாசலில் சொன்னேன். அரிசியில் மூன்று கிலோவைக் கடைக்காரரிடம் கொடுத்து அவலும் ரவையும் வாங்கிக்கொண்டார்கள். பருப்பை மட்டும் விட மனம் வரவில்லை. "இருக்கட்டும் அண்ணா, ஒரு நாளாவது வைத்துப் பார்க்கிறோம்" என்றான் ஒருவன். ஊர் திரும்பியபின் ஒரு படம் அனுப்பினான். சத்ரூவில் ஒரு தாபா, ஐந்து தட்டில் ராஜ்மாவும் சோறும், மேசை ஓரத்தில் பிரிக்காத துவரம்பருப்புப் பொட்டலம்.